கொண்டை போட்ட பிரதர்

என் அண்ணன் வீட்டைவிட்டுக் கிளம்பியது ஒரு புதன்கிழமை காலை. தலைக்குக் குளித்துவிட்டு, முடியை விரித்துப் போட்டபடியே கிளம்பினான். ஈரத்தோடு கொண்டை முடிந்தால் வாடை வரும். நோயாளியின் முகத்துக்கு அருகே குனிகிறவன் மேல் எந்த வாடையும் இருக்கக் கூடாது. இது அவன் தனக்குத்தானே போட்டுக்கொண்ட சட்டம். அன்றைக்குக் குனிந்து பார்க்க நோயாளி யாரும் இல்லை. ஆனாலும் சட்டம் சட்டம்தான்.

அண்ணன் என்றால் பெரியம்மாவின் மகன். நான் ஊர் ஊராகச் சுற்றிவிட்டுத் திரும்பி, அவர்கள் வீட்டு மாடி அறையில் தங்கியிருந்த சமயம். பையைக்கூட முழுதாகப் பிரிக்கவில்லை. பெரியப்பாவுக்கு அன்று வார விடுமுறை. இருந்தும் விடிவதற்கு முன்பே சீருடையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். மகன் கிளம்புவதைப் பார்க்க வேண்டாம் என்பதற்காக அவர் லீவு நாளில் வேலைக்குப் போனது வாழ்க்கையில் அதுதான் முதல் முறை என்றாள் பெரியம்மா.

வாசலில் நின்று அவள் கேட்டது ஒன்றுதான். "யாராவது கேட்டா நீ எங்க போயிருக்கேன்னு சொல்றது?"

"போயிருக்கான்னு சொல்லும்மா, போதும்."

அவன் தெருமுனை திரும்பியதும் பக்கத்து வீட்டம்மா ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்தாள். பின்னாலிருந்து பார்த்திருக்கிறாள்: தோளில் பை, முதுகு நிறைய முடி. "உங்க தங்கச்சி பொண்ணு மறுபடியும் கிளம்பிட்டாளா? இப்பதானே வந்தா, கால்ல சக்கரமா அவளுக்கு?" என்றாள். பெரியம்மா ஒரு நொடி யோசித்துவிட்டு, "ஆமா, கிளம்பிட்டா" என்றாள். உள்ளே நின்றிருந்த நான், அந்த வாரம் முழுக்க ஜன்னல் பக்கம் போகாமல் இருக்க வேண்டியதாயிற்று.

வீட்டில் அவனுக்குப் பெயர் கொண்டை. நர்சிங் படிப்பின் கடைசி வருடத்தில் வளர்க்க ஆரம்பித்தான். காரணம் எதுவும் இல்லை. ஒரு விடுமுறையில் முடி வெட்டப் போகவில்லை, கண்ணாடியில் பார்த்தான், நன்றாக இருந்தது, அடுத்த மாதமும் போகவில்லை. அவ்வளவுதான் கதை. அவன் தலைசிறந்த நர்ஸ் என்றெல்லாம் நான் சொல்ல வரவில்லை. ஒல்லியான கைகளில் நரம்பு தேடும்போது இரண்டாவது குத்தும் குத்துவான், மன்னிப்புக் கேட்பான். படுக்கையை மாற்றுவது, புரட்டிப் படுக்க வைப்பது, சிடுசிடுக்கிற கிழவர்களைக் குளிப்பாட்டுவது, இதெல்லாம் அலுக்காமல் செய்வான். எந்த ஆஸ்பத்திரிக்கும் வேண்டிய சாதாரண நர்ஸ்.

ஆனால் இன்டர்வியூவுக்கு அவன் தயாராகிற விதம் சாதாரணம் இல்லை. பெரியம்மா அதை என்னிடம் நடித்தே காட்டினாள். முந்தின நாளே தலைக்குக் குளித்து முழுக்கக் காயவைப்பான். காலையில் மழமழவென்று சவரம், ஒட்ட வெட்டிய நகம், வெளிர் நீலச் சட்டை, பாலிஷ் போட்ட ஷூ. சென்ட் கிடையாது. பிறகு முடியை இழுத்து வாரி, சட்டைக் காலரில் படாத உயரத்தில் சுருட்டிக் கொண்டை. வெளியே தெரியாத கறுப்பு ஊசிகள். பளபளக்கிற கிளிப் கட்டுப் போடும் தட்டில் விழுந்தால் வம்பு. அதன்மேல் கறுப்பு வலை. எல்லாம் முடிந்ததும் இடுப்போடு மடிந்து குனிந்து தலையை உதறிப் பார்ப்பான். ஒரு முடி முன்னால் விழுந்தாலும் மறுபடி முதலிலிருந்து. பெரியம்மா பின்னால் கண்ணாடி பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும்.

"முன்னால பாத்தா பாங்க் ஆபீசர், பின்னால பாத்தா டான்ஸ் டீச்சர்" என்பார் பெரியப்பா, செருப்பை மாட்டிக்கொண்டே. அவர் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் உயரமான கட்டடம் எல்லாவற்றிலும் அவர் கை வைத்த லிஃப்ட் ஏதாவது ஒன்று ஓடும். கயிறும் கியரும் சுற்றுகிற இடத்தில் வேலை செய்கிறவருக்கு நீண்ட முடியைக் கண்டாலே அது எதிலாவது சிக்கிக்கொள்ளும் என்றுதான் தோன்றும். அந்தப் பயத்தைப் பயம் என்று சொல்ல அவருக்கு வராது, கிண்டலாகத்தான் வரும். "அந்த மயிரை வெச்சுக்கிட்டு எவன்டா உனக்கு வேலை குடுப்பான்?"

முதலில் போனது ஒரு சின்னத் தனியார் ஆஸ்பத்திரி. முதலாளி டாக்டர், ஒரு மேனேஜர், நர்சிங் பொறுப்பாளர் அம்மா என்று மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். டாக்டர் விரலை நீட்டி, இது என்ன என்றார். முடி சார் என்றான். "முடி இருந்தா முடியாது தம்பி" என்று சொல்லிவிட்டு டாக்டர் தன் ஜோக்குக்குத் தானே சிரித்தார். சம்பளம் வாங்குகிற மற்ற இருவரும் சிரித்தார்கள். அந்த அம்மா மட்டும் சிரித்தபடியே கையைப் பின்னால் கொண்டுபோய்த் தன் கொண்டையைச் சரிசெய்துகொண்டாராம். அதே அளவு, அதே வலை, அதே கறுப்பு ஊசி. இருவரும் ஒரே கடையில் வாங்கியிருக்கக்கூடும்.

அடுத்த இடத்தில், காத்திருக்கும் அறையிலேயே நர்சுகளுக்கான உடை விதிகளை ஒட்டியிருந்தார்கள். முடி காலருக்கு மேலே இருக்க வேண்டும், கட்டியிருக்க வேண்டும், வலை போட வேண்டும். அதைப் படித்துவிட்டுத் தெம்பாக உள்ளே போனான். அது லேடீஸுக்கு என்றார் மேனேஜர். அப்படி எழுதலையே சார் என்றான். "எழுதணுமா?" என்று கேட்டார் அவர். பேட்டி அதோடு முடிந்தது.

மூன்றாவது இடத்தில் எல்லாம் நன்றாகவே போயிற்று. சர்க்கரை இறங்கி மயங்கிக் கிடப்பவருக்கு முதலில் என்ன செய்வாய் என்றார்கள், சொன்னான். வயதானவருக்குப் படுக்கைப் புண் வராமல் எப்படிப் பார்த்துக்கொள்வாய் என்றார்கள், சொன்னான். வேலை கிடைத்த மாதிரியே பேசினார்கள். கடைசியில், "எப்ப வெட்டுவீங்க?" என்றார் அங்கிருந்த அம்மா, எப்போது வந்து சேர்வீர்கள் என்று கேட்கிற தொனியில்.

வெட்டுவதாக இல்லை என்றான். ஏன் வளர்க்கிறீர்கள் என்றார். ஏதாவது வேண்டுதலா என்று அவரே எடுத்தும் கொடுத்தார்.

"இல்ல மேடம். பிடிச்சிருக்கு."

பேனாக்கள் மேசைமேல் படுத்துக்கொண்டன. இதை அவன் எனக்குச் சொன்னபோது அவன் குரலில் கோபம் இல்லை, ஆச்சரியம்தான் இருந்தது. வேண்டுதல் என்றால் மன்னிப்பார்கள். காதல் தோல்வி என்றால் இரக்கப்படுவார்கள். வீட்டில் ஒரு சாவு என்றால் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். பிடித்திருக்கிறது என்று ஒரு ஆண் சொன்னால் மட்டும் அவர்களால் அதை எங்கேயும் வைக்க முடியவில்லை. என் இடுப்பு வரை தொங்குகிற முடியை ஏன் வளர்க்கிறாய் என்று எந்த நாட்டிலும் யாரும் என்னைக் கேட்டதில்லை.

இப்படியே ஒரு வருடம் போயிற்று. பெரியப்பா கிண்டலை நிறுத்திவிட்டார், அது கிண்டலைவிட மோசமாக இருந்தது. அப்போதுதான் ஒரு பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்பு வந்தது.

அங்கே பேட்டி எடுத்தவர் மேட்ரன். கனத்த உடம்பு, மெல்லிய குரல், ஓயாமல் வார்டு சுற்றியதில் வீங்கிய கால்கள். அண்ணனுக்கு அவரைப் பார்த்ததுமே பிடித்துவிட்டது. கேள்விகளை முடித்தார். அவன் தலையைப் பார்த்தார். முகம் சட்டென்று மலர்ந்தது. "கேன்சர் பேஷண்ட்ஸுக்கு விக் செய்யக் குடுக்கறதுக்கு வளக்கறியாப்பா?"

அண்ணன் தலையை ஆட்டினான்.

நம் ஆட்கள் தலையை ஆட்டுவதில் ஆமாம் உண்டு, இல்லை உண்டு, இரண்டுமில்லாத மூன்றாவது ஒன்றும் உண்டு. தலை பக்கவாட்டில் லேசாகச் சாய்ந்து திரும்பும். நீங்கள் சொல்வது காதில் விழுந்தது, மேலே சொல்லுங்கள் என்பதுதான் அதற்கு அர்த்தம். வெளிநாட்டுக் கடைகளில் நான் இப்படி ஆட்டிவிட்டு, "வேண்டுமா, வேண்டாமா?" என்று திட்டு வாங்கியிருக்கிறேன். ஆனால் மேட்ரன் நம் ஆள்தான். அவருக்கு அந்த மூன்றாவது ஆட்டம் தெரியாமல் இருக்காது. தெரிந்தும், அதிலிருந்து தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டார். கண் கலங்கினார். திங்கட்கிழமை வந்து சேரச் சொன்னார்.

அன்று ஆட்டியது ஆமாமா இல்லையா என்று நான் அவனைக் கேட்டேன்.

"எனக்கே தெரியலடி. வேலை வேணும்னு தலை தானா ஆடிருச்சு."

ஆண்கள் வார்டில் போட்டார்கள். முன்னாலிருந்து கூப்பிடுகிறவர்கள் பிரதர் என்றார்கள், பின்னாலிருந்து கூப்பிடுகிறவர்கள் சிஸ்டர் என்றார்கள். இரண்டுக்கும் திரும்பிப் பார்த்தான். யார் தட்டிலும் ஒரு முடி விழவில்லை. அவனுக்கு வேண்டியிருந்தது இவ்வளவுதான்: இந்தத் தலையோடு இந்த வேலை. இரண்டும் கிடைத்துவிட்டன என்று நினைத்தான்.

சில மாதங்களில் ஆஸ்பத்திரியின் விளம்பரப் பிரிவிலிருந்து ஒரு ஆள் கேமராவோடு வந்தார். கொண்டையை அவிழ்க்கச் சொல்லி, சுவரைப் பார்த்து நிற்கவைத்து, பின்னாலிருந்து படம் பிடித்தார். படத்தில் முதுகும் முடியும் மட்டும்தான். கீழே பெரிய எழுத்தில், ‘கொடுப்பதற்கென்றே வளர்கிறது’. அதை எல்லா லிஃப்ட்டுக்குள்ளும் ஒட்டினார்கள்.

அந்த லிஃப்ட்டுகளை மாதம் ஒருமுறை சரிபார்ப்பது பெரியப்பாவின் கம்பெனி. டூல்ஸ் பையோடு உள்ளே ஏறியவர் படத்தைப் பார்த்தார். முகம் இல்லாவிட்டால் என்ன, இத்தனை வருடம் அவர் திட்டிய முடி அது, அடையாளம் தெரியாதா? கூட வந்த ஆஸ்பத்திரி ஆளிடம் விசாரித்திருக்கிறார். அந்த ஆள் முழுக் கதையையும் கொஞ்சம் சேர்த்தே சொல்லியிருக்கிறார். அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றாமலே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார் பெரியப்பா. "ஏன்டா என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல? நான் பாட்டுக்கு வாய்க்கு வந்ததெல்லாம் பேசிட்டேனே" என்றார்.

அதற்குப் பிறகு வீட்டில் ‘அந்த மயிரு’ என்ற பேச்சே இல்லை. ‘தம்பியோட முடி’ ஆகிவிட்டது. ஒருநாள் மரச்சீப்பு ஒன்று வாங்கிவந்து ஒன்றும் சொல்லாமல் மகனின் மேசைமேல் வைத்தார். டீக்கடையில் சொன்னார், கம்பெனியில் சொன்னார், மகனைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார். பெரியம்மாவுக்கு மட்டும் உண்மை தெரியும். விடுடா, நல்ல விஷயம்தானே என்று அவள் மகனைத் தேற்றினாள். உண்மையைச் சொல்லப் போனால் வேலை போவது ஒருபக்கம்; அந்தச் சீப்பைத் திருப்பிக் கொடுக்க வேண்டிவரும் என்பதுதான் அவன் வாயைக் கட்டியது.

"அப்பாவுக்குப் பிடிச்சது அந்தப் போஸ்டர்ல இருக்கற ஆளை" என்றான் என்னிடம். "அது நான் இல்ல. முதுகு மட்டும்தான் என்னுது."

மேட்ரன் அவ்வப்போது அவனை உட்காரவைத்து முடியை அளந்தார். புண்ணின் அகலம் பார்க்க வைத்திருக்கும் காகித டேப்பால்தான் அளப்பார். "இன்னும் ஒரு விரக்கடை" என்று நர்சுகளிடம் அறிவிப்பார். எல்லோரும் கைதட்டுவார்கள். கடைசியில் அளவு வந்துவிட்டது. ஆஸ்பத்திரியின் ஆண்டு விழாவில், மேடையில் வைத்து வெட்டுவது என்று முடிவாயிற்று. வெள்ளிக்கிழமை.

அந்த வாரத்துக்கு முந்தின வாரம், புற்றுநோய்ப் பிரிவில் ஆள் பற்றாக்குறை என்று அவனை அங்கே அனுப்பினார்கள். மருந்து ஏற்றிக்கொள்ள வந்திருந்த ஓய்வுபெற்ற டிராயிங் டீச்சர் ஒருவர், தலையில் துணி சுற்றியபடி படுக்கையில் சாய்ந்திருந்தார். ஊசியைச் சரிசெய்ய இவன் குனிந்தபோது கொண்டையைப் பார்த்துவிட்டார்.

"லிஃப்ட்ல இருக்கறது நீங்கதானா? நான் யாரோ பொண்ணுன்னுல்ல நெனச்சேன்."

"நான்தாம்மா."

"என் பையன் எனக்கு ஒரு விக் வாங்கிக் குடுத்தான். போட்டா ஒரே அரிப்பு. பீரோவுல கெடக்கு, பூனை செத்த மாதிரி. நீங்க வேற எதுக்குத் தம்பி வெட்டிக்கிட்டு? உங்களுக்கு நல்லாத்தானே இருக்கு. பிடிச்சுத்தானே வளத்தீங்க?"

அவனை யாரும் அதுவரை அப்படிக் கேட்டதில்லை. கேள்வியிலேயே பதில் உட்கார்ந்திருந்தது. "ஆமாம்மா, பிடிச்சுத்தான் வளத்தேன். குடுக்கறதுக்காக இல்ல" என்றான். சொன்னதும் பல மாதங்களாகத் தலைக்குள் இழுத்துப் பிடித்திருந்த ஏதோ தளர்ந்த மாதிரி இருந்தது என்றான்.

டீச்சர் கெட்ட எண்ணத்தில் எதுவும் செய்யவில்லை. திங்கட்கிழமை மறுபடியும் வந்தவர், ரவுண்ட்ஸ் வந்த மேட்ரனிடம் அவனுக்காகச் சிபாரிசு செய்தார். பாவம் அந்தப் பையன், அவன் முடியை விட்டுவிடுங்கள், ஆசைப்பட்டு வளர்க்கிறானாம், அவனே சொன்னான் என்று. ஒரு நல்ல மனுஷியின் நல்ல வார்த்தை. அதில்தான் எல்லாம் முடிந்தது.

மேட்ரன் அவனைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். கத்தவில்லை. கத்தியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும் என்றான் அண்ணன். எத்தனை பேரிடம் உன்னைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன் தெரியுமா என்றார். சேர்மன் வீட்டில்கூடச் சொல்லியிருக்கிறாராம்.

"நான் எதுவும் சொல்லலையே மேடம்."

"தலையாட்டினே."

"ஆட்டினேன்."

பிறகு மேட்ரன், வெள்ளிக்கிழமை மேடைக்கு வந்து உட்கார், ஐந்து நிமிட வேலை, அதற்கப்புறம் நீயும் மறந்துவிடு, நானும் மறந்துவிடுகிறேன் என்றார். கெட்டவர் இல்லை அவர். தன்னால் முடிந்த பெரிய சலுகையைத்தான் கொடுத்தார். அண்ணன் ஒன்றே ஒன்று கேட்டான். வெட்டாமல், இதே கொண்டையோடு, இதே வேலையைப் பார்க்கலாமா? இத்தனை நாளில் ஒரு முடி விழவில்லை, ஒரு புகார் வரவில்லை, நீங்களே பார்த்திருக்கிறீர்கள்.

மேட்ரன் சொன்னார்: "அப்ப அதுக்கு ஒரு காரணம் இருந்துச்சுப்பா."

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வீட்டில் உண்மையைச் சொன்னான். நான் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தேன். பெரியப்பா முதலில் நம்பவில்லை. பிறகு நம்பினார். நாளைக்குப் போய் மன்னிப்புக் கேள், வெள்ளிக்கிழமை உட்கார், வெட்டினால் வளரும், வேலை வளருமா என்றார். வெட்டுவதுகூடப் பரவாயில்லை அப்பா, அந்த மேடையில் உட்கார்ந்து எல்லோரிடமும் கைதட்டு வாங்கணும், அந்த டீச்சர் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பாங்க என்றான் இவன்.

"ஒரு மயிருக்காக வேலைய விடுவியாடா?"

"நேத்துவரைக்கும் அத முடின்னு சொன்னீங்கப்பா."

பெரியப்பா சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தார். இனி அந்த லிஃப்ட்டுக்குள் நான் எந்த முகத்தோடு போவேன் என்று பெரியம்மாவைப் பார்த்துக் கேட்டார். அதற்கும் அண்ணன்தான் பதில் சொன்னான், அதில் என் மூஞ்சி இல்லப்பா, யாருக்கும் தெரியாது என்று. விடிந்தபோது புதன்கிழமை.

வெள்ளிக்கிழமை விழா குறித்த நேரத்தில் நடந்தது. பயிற்சியில் இருந்த ஒரு நர்ஸ் பெண் மேடையில் உட்கார்ந்தாள். ஆஸ்பத்திரி வெளியிட்ட படங்களை நான் போனில் பார்த்தேன். வெட்டிய பின்னலை இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு சிரிக்கிறாள், கண் சிவந்திருக்கிறது. பக்கத்தில் மேட்ரன் அவள் தோளை அணைத்தபடி நிற்கிறார். அந்தப் பெண் ஆசைப்பட்டுக் கொடுத்தாளா, கேட்டதால் கொடுத்தாளா என்று தெரியவில்லை. அவள் தலையை எப்படி ஆட்டினாளோ. லிஃப்ட்டில் இருந்த போஸ்டரை அவர்கள் எடுக்கவே இல்லை. முகம் இல்லாத படம்தானே, அவளுக்கும் பொருந்தியது. பெரியப்பா மாதம் ஒருமுறை டூல்ஸ் பையோடு அதற்குள் நின்று ஒவ்வொரு மாடியாக ஏறி இறங்கிச் சரிபார்த்துவிட்டு வந்தார். அன்றைக்கு மட்டும் வீட்டில் யாரும் அவரோடு பேசமாட்டோம்.

அண்ணன் எப்போதாவது பெரியம்மாவுக்குப் போன் செய்தான். ஒரு ஊரில், படுத்தபடுக்கையாய்க் கிடந்த ஒரு பணக்காரரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டான். அவர் இறந்ததும் வேறு ஊர். அங்கே மருந்துக்கடையில் பெட்டி அடுக்கினான். நடுநடுவே இன்டர்வியூக்கள். எதுவும் அமையவில்லை என்பான், ஏன் என்று அவளும் கேட்கமாட்டாள். அப்பாவைப் பேசச் சொல்லட்டுமா என்பாள். அப்பா பக்கத்து அறையில் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டுவார். நானும் இரண்டுமுறை கிளம்பிப் போய்த் திரும்பி வந்தேன்.

இரண்டு வருடத்துக்கு மேல் ஆகியிருக்கும், ஒரு மத்தியானம் என் போனுக்கு அவனிடமிருந்து செய்தி வந்தது. பெரியப்பா கூடத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார், பெரியம்மா பரிமாறிக்கொண்டிருந்தாள். நான் நின்றபடியே படித்தேன்.

‘வேலை கிடைச்சிருச்சு. இந்த ஊர்ல பெரிய ஆஸ்பத்திரி. இந்தத் தடவை எதுக்கு வம்புன்னு இன்டர்வியூக்கு முந்தின நாளே போய் ஒட்ட வெட்டிட்டேன். யாருக்கும் குடுக்கல, கடைக்காரர் கூட்டித் தள்ளிட்டார். உள்ள போனா, கேள்வி கேக்கற நர்சிங் ஹெட் ஒரு ஆம்பளை. கொண்டை போட்டிருந்தார். என்னோடதைவிடப் பெருசு. அங்க யாரும் அதைக் கண்டுக்கவே இல்ல. எனக்குத்தான் அவர் கேட்டது பாதி காதுல விழல. கடைசில, உங்களுக்கு ஏதாவது கேக்கணுமான்னார். இல்லன்னுட்டேன். திங்கட்கிழமை சேர்றேன். அப்பாகிட்ட வேலை கிடைச்சதை மட்டும் சொல்லு.’